வேன் குளியலறைக்குக் கண்ணாடிக் கதவா, அக்ரிலிக் கதவா?

மட்டக்களப்பிலிருந்து அறுகம்குடாவுக்கு ஓடும் வேனுக்குள் சின்னக் குளியலறை கட்டப்போகிறீர்களா? டெம்பர்டு கண்ணாடிக் கதவு அழகுதான், எளிதில் கீறலும் விழாது. ஆனால் அது 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த கண்ணாடி. மேற்பரப்பு அமுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். ஓரத்தில் சின்ன உடைவு, வண்டி குலுங்கும்போது உரசும் திருகாணி, கண்ணாடிக்குள் சிக்கிய நிக்கல் சல்பைடு என்ற மாசுத் துகள் என்று ஏதாவது ஒன்று போதும், அந்தச் சமநிலை குலைய. நிறுத்திவைத்த வண்டியிலேகூட ‘படார்’ என்று முழுக் கதவும் துண்டுதுண்டாகக் கொட்டிவிடும். வெறுங்காலோடு நிற்கும் இடம் வேறு! கண்ணாடிமேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டினால் சிதறுவது குறையும், உடைவது குறையாது.

அக்ரிலிக், அதாவது கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக், அதே தடிப்பில் பாதி எடைதான். கீறும், கொஞ்சம் மங்கும். சரி, மங்கட்டுமே. (கடற்கரை மணல் ஒட்டிய துணியால் மட்டும் துடைக்காதீர்கள்.) என் வேனுக்கு அக்ரிலிக்தான்.