கடுங்குளிருக்கான ஹீட் பம்ப்: மைனஸ் 15-ல் என்ன தரும் என்று பார்த்து வாங்குங்கள்

பனி கொட்டும் ஊரில் வீட்டைச் சூடாக்க, வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் போதுமா? போதும். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றிலும் ஏராளமான வீடுகள் இதை நம்பித்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட கிலோவாட்டை மட்டும் பார்த்து வாங்கியவர்களுக்குத்தான் அது போதாமல் போகிறது.

அந்த எண் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்தது. உங்களுக்கு வேண்டியது மைனஸ் 15 டிகிரியில் அளந்த எண். அந்தக் குளிரில் வீடு 6 கிலோவாட் வெப்பத்தை இழக்கிறது என்று வையுங்கள். 7 கிலோவாட் என்று விற்ற சாதாரண மாடல் அப்போது 4-க்கு இறங்கிவிட்டால், மீதி 2-ஐ மின் ஹீட்டர்தான் தர வேண்டும். மின்கட்டணம் எகிறுவது அங்கேதான். மிட்சுபிஷியின் ஹைப்பர் ஹீட் வரிசையில் பல மாடல்கள் மைனஸ் 15 வரை முழுத் திறனோடு நிற்கின்றன. மைனஸ் 25 வரை ஓடுகின்றன. கம்ப்ரஸருக்குள் நடுவழியில், வெப்பத்தைச் சுமக்கும் கேஸையே கொஞ்சம் குளிர்ந்த நிலையில் செலுத்துவதால், அது அளவுமீறிச் சூடாகாமல் வேகமாகச் சுழல முடிகிறது. மைனஸ் 15-ல் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 யூனிட் வெப்பம் தந்தால் நல்ல மெஷின் என்றே சொல்லலாம்.

அதற்காக இரண்டு மடங்கு பெரிதாக வாங்கவும் கூடாது. மிதமான குளிரில் அது நிமிடத்துக்கு நிமிடம் நின்று நின்று ஓடும். கம்ப்ரஸர் தேயும், மின்சாரமும் வீண். அதிகபட்சத் திறனைப் போலவே குறைந்தபட்சத் திறனையும் கேட்டுப் பாருங்கள்.

மெஷினைவிட அதைப் பொருத்தும் விதத்தில்தான் அதிகம் கெடுகிறது. வெளி யூனிட்டின் காயிலில் உறைபனி படியும். அதை உருக்க மெஷின் சில நிமிடம் தலைகீழாக ஓடும், அதாவது வெப்பத்தை வெளி யூனிட்டுக்கு அனுப்பும். அப்போது வெளியே ஆவி கிளம்பும், உள்ளே சூடான காற்று வருவது நின்றுவிடும். இது பழுதல்ல. கடும் குளிரைவிட 0 முதல் 5 டிகிரி வரையிலான ஈரக்காற்றில்தான் இது அடிக்கடி நடக்கும். உருகிய நீர் அடித்தட்டில் தேங்கி உறைந்தால் பனிக்கட்டி உயர்ந்து ஃபேன் இறக்கையில் இடிக்கும். ஆகவே அடித்தட்டு ஹீட்டர் கட்டாயம். வடிகுழாய் போடாமல் நீரைத் தாராளமாகக் கீழே விழ விடுவது நல்லது. குழாய் போட்டால் அதற்கும் ஹீட்டர் கம்பி வேண்டும். யூனிட்டை வழக்கமான பனி மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டராவது உயர்த்தி ஸ்டாண்டில் வையுங்கள். கூரைப்பனி சரிந்து விழும் இடத்தில் வைக்கவே வேண்டாம்.

செப்புக் குழாய் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: குழாய் முனைகளை இணைக்கும் ஃப்ளேர் நட்டை, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்குகிறார்களா, நைட்ரஜன் அடைத்து அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கிறார்களா, குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும்போது வேக்யூம் அளவி 500 மைக்ரானுக்குக் (உள்ளே மிஞ்சும் அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கி அங்கேயே நிற்கிறதா. இந்த வேலையில் அவசரப்பட்டால் கேஸ் மெதுவாகக் கசியும். அடுத்த குளிர்காலத்தில் வீடு சூடாகாது.

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கோ தரைக்கடிக் குழாய்க்கோ வெந்நீர் அனுப்பும் வகையில் நீரின் வெப்பநிலைதான் செலவைத் தீர்மானிக்கிறது. தரைக்கடியில் குழாய் என்றால் 35 டிகிரி போதும். பழைய சின்ன ரேடியேட்டர் 55 கேட்கும். அதை மாற்றாமல் ஹீட் பம்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இரவில் தெர்மோஸ்டாட்டை 5 டிகிரி இறக்கிக் காலையில் ஏற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விடிகாலைக் குளிரில் மெஷினை முழு வேகத்துக்குத் தள்ளினால் துணை ஹீட்டர் தானாகப் போட்டுக்கொள்ளும். உள் யூனிட்டின் ஃபில்டரை மாதம் ஒருமுறையாவது கழுவுங்கள். நீண்ட மின்தடைக்குப் பிறகு கம்ப்ரஸர் உடனே ஓடக் கூடாது. அதன் எண்ணெய் சூடாக நேரம் வேண்டும். சில மாடல்களின் கையேடு 12 மணி நேரம் வரை கேட்கிறது. அதுவரை தாக்குப்பிடிக்க வேறொரு சூடேற்றும் வழியைக் கையில் வைத்திருங்கள்.