ஸ்கைரிம்: பார்தர்நாக்ஸ் குவெஸ்ட் என்னும் தீராத குறை

'ஸ்கைரிம்' இப்போது தள்ளுபடியில் கிடைக்கிறதே, வாங்கலாமா என்று கேட்ட நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பல ஆண்டுகளாக நான் விரும்பி ஆடிவரும் வீடியோ விளையாட்டு இது. ஆனால் அவர் கதைக்காகவே ஆடுபவர் என்பதால் எனக்கு வேறு பதில் தோன்றவில்லை.

இதில் நல்ல எழுத்து இல்லாமல் இல்லை. மார்கார்த் நகருக்குள் முதன்முறை நுழைந்ததும் சந்தையில் ஒரு பெண் தாக்கப்படுகிறாள். அருகில் நின்ற ஒருவன் நம் கையில் ஒரு சீட்டைத் திணிக்கிறான். அதைப் பின்தொடர்ந்து துப்பறியத் துப்பறியக் காவலர்களே மிரட்டுகிறார்கள். முடிவில் நம்மையே கொலைகாரனாக்கிச் சிட்னா சுரங்கச் சிறையில் அடைக்கிறார்கள். அங்கே கந்தல் உடையில் அமர்ந்திருக்கும் மதானக், நகர ஆட்சியை எதிர்த்துப் போரிடும் ஃபார்ஸ்வார்ன் மக்களின் அரசன். அவனைக் கொல்வதா, அவனோடு தப்புவதா என்ற முடிவு உண்மையிலேயே கனமானது. ஆனால் அவனை விடுவித்து வெளியே வந்த பிறகும், மலைப்பாதைகளில் திரியும் மற்ற ஃபார்ஸ்வார்ன் கூட்டத்தார் பழையபடியே நம்மைத் தாக்குகிறார்கள். வின்டர்ஹோல்டு கல்லூரியின் கதையோ இன்னும் மெலிந்தது: பெரும்பாலும் வாளாலேயே காரியத்தை முடிப்பவரும் அங்கே தலைமை மந்திரவாதியாகிவிடலாம்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிகிறது. பார்தர்நாக்ஸ் விஷயத்தில் மட்டும் முடியவில்லை. ஒரு காலத்தில், இக்கதையின் முதன்மை வில்லனான டிராகன் ஆல்டுயினின் தளபதியாக இருந்து கொடுமைகள் செய்து, பின்பு மனம் மாறி, மனிதர்களுக்குச் சொல்லையே மந்திரமாக்கும் குரல் வித்தையைக் கற்றுக்கொடுத்து, மலையுச்சியில் தனித்துத் தவமிருக்கும் முதிய டிராகன் அது. பிறவியிலேயே நல்லவனாக இருப்பது மேலா, தன் தீய இயல்பைப் பெருமுயற்சியால் வெல்வது மேலா என்று அது நம்மிடம் கேட்கும் இடம்தான் இந்த விளையாட்டு முழுவதிலும் சிறந்த உரையாடல் என்பேன். அத்தகைய பாத்திரத்தைக் கொன்றால்தான் இனி உதவுவோம் என்கிறாள், டிராகன்களை வேட்டையாடும் பிளேட்ஸ் அமைப்பைச் சேர்ந்த டெல்ஃபின். டிராகன்பார்னுக்கு, அதாவது டிராகன் ஆன்மாவோடு பிறந்த நம் நாயகப் பாத்திரத்துக்குத் தொண்டு செய்யவே பிளேட்ஸ் அமைப்பு இருக்கிறது என்று சொல்லிவந்தவளே, அந்த டிராகன்பார்னுக்கு ஆணையிடுகிறாள். நாம் மறுக்கலாம், வாதாட முடியாது. பேச்சுத் திறனை 100 வரை உயர்த்தியிருந்தாலும், காவலரை வசப்படுத்தும் அந்தத் திறன் இங்கே பயன்படாது. கொல்லாமல் விட்டால் அந்தக் குவெஸ்ட், நமக்குத் தரப்படும் பணிகளைப் பட்டியலிடும் ஜர்னலில் முடியாத பணியாகவே கிடக்கும். கருணை காட்டியதை ஒரு முடிவாகவே இவ்விளையாட்டு எண்ணவில்லை என்பதுதான் என் கோபம்.

2011-இல் வெளியானபோது இருந்த இந்தக் குறை, 2016-இன் சிறப்புப் பதிப்பிலும் 2021-இன் ஆண்டு நிறைவுப் பதிப்பிலும் அப்படியே தொடர்கிறது. ரசிகர்கள் உருவாக்கிய ஒரு மாட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் நிரல்), டெல்ஃபினைக் கண்டித்து டிராகனைக் காப்பாற்றும் வழியைச் சேர்த்திருக்கிறது. நான் இப்போது அதை நிறுவாமல் புதிய ஆட்டம் எதையும் தொடங்குவதில்லை.