டென்னசி வாக்கிங் ஹார்ஸ்: பிறவி நடையா, 'பிக் லிக்' நடையா?

ஒரே இனம்தான். ஆனால் அமெரிக்காவின் டென்னசி வாக்கிங் ஹார்ஸைப் புல்வெளியில் பார்த்துவிட்டு ஷோ மைதானத்தில் பார்த்தால், இது அதே குதிரையா என்று சந்தேகம் வந்துவிடும்.

அதன் பிறவி நடைக்கு 'ரன்னிங் வாக்' என்று பெயர். நான்கு கால்களும் தனித்தனியாகத் தரையைத் தொடும், பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தாண்டிப் போய் விழும், அடிக்கு அடி தலை ஆடும், மேலே இருப்பவருக்குக் குலுக்கலே தெரியாது. தோட்ட முதலாளிகள் நாள் முழுக்கச் சேணத்தில் உட்கார்ந்தபடி வயல்களைச் சுற்றிவர இந்த நடைதான் தோதாக இருந்தது. தாயோடு ஓடும் குட்டியிடமே இதன் சாயலைப் பார்க்கலாம். இப்படி நடக்கும் இனங்கள் பலவற்றில் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதை 2012ல் கண்டுபிடித்தார்கள். கால்களை ஒருங்கிணைக்கும் தண்டுவட நரம்புகளோடு தொடர்புடைய மரபணு அது.

ஷோ மைதானத்தில் காட்டும் 'பிக் லிக்' நடை வேறு கதை. முன்னங்குளம்புகளுக்கு அடியில் அடுக்கடுக்காகப் பேடு எனும் தடித்த திண்டு வைத்து, அது கழன்றுவிடாமல் குளம்பின் மேல் உலோகப் பட்டை போட்டு இறுக்கி, கணுக்காலில் சங்கிலி மாட்டுகிறார்கள். குதிரை முன்னங்காலை மார்பு உயரத்துக்குத் தூக்கி எறியும், பின்பக்கம் உட்காரப் போவதுபோல் தாழ்ந்துவிடும். இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. தோலை எரிக்கும் டீசல், மண்ணெண்ணெய் போன்றவற்றைத் தடவி, புண்ணான இடத்தில் சங்கிலி இடிக்க விட்டால் வலி தாங்காமல் கால் இன்னும் உயரும். இதைத்தான் 'சோரிங்' என்கிறார்கள். இதற்கு எதிராக 1970லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2006ல் ஷெல்பிவில் நகரத்தின் பெரிய போட்டியில், சோரிங் பரிசோதனையில் தேறிய குதிரைகள் போதாமல் உச்சப் பட்டமே யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

பிறவி நடைக்கும் பயிற்சி வேண்டும் என்று பிக் லிக் ஆதரவாளர்கள் சொல்வது உண்மைதான். ஒரு பக்கத்துக் கால்கள் சேர்ந்தே போகும் 'பேஸ்' நடைக்குச் சரிந்துவிடும் குதிரையை, உட்காரும் விதத்தாலும் கடிவாளத்தாலும்தான் திருத்துவார்கள். ஆனால் அது இருப்பதைச் சீராக்குவது. பேடையும் சங்கிலியையும் கழற்றியதும் காணாமல் போகிற உயரத்தை இனத்தின் குணம் என்று என்னால் ஏற்க முடியாது.

வாங்க நினைப்பவர்கள் லாடம்கூட இல்லாமல், ஆள் ஏறாமல், திறந்தவெளியில் விட்டுப் பாருங்கள். அப்புறம் முன்னங்கால் கணுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். காலை வெடுக்கென்று இழுத்தாலோ, அங்கே முடி உதிர்ந்து தழும்பு இருந்தாலோ பேரம் பேசவே வேண்டாம்.