பழைய லைகமிங்குக்கு ஒற்றை கிரேடா, மல்டிகிரேடா?

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் இருக்கும் பழைய லைகமிங் ஓ-320 இன்ஜினுக்கு கோவையில் எந்த ஆயில் ஊற்றலாம் என்று கேட்டால், நான் ஒற்றை கிரேடான டபிள்யூ100 (அதாவது 50 கிரேடு) என்றுதான் சொல்வேன். மல்டிகிரேடான 15டபிள்யூ-50 மட்டமில்லை. ஆனால் அதன் பெரிய பலம் குளிரில்தான். உறையும் காலையிலும் அது சட்டென்று ஓடிப் பேரிங்குக்குப் போய்ச் சேரும். நம் ஊரில் மார்கழி விடியலிலும் 16 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாள்கள் கொஞ்சம்தான். அதற்கு மேல் 40, 50 கிரேடு போதும் என்று இன்ஜினைச் செய்யும் லைகமிங் கம்பெனியே சொல்கிறது.

உண்மையான வித்தியாசம் விமானம் சும்மா நிற்கும்போது தெரியும். லைகமிங்கில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், ப்ரொப்பல்லரைச் சுற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் வடிந்து அடியில் உள்ள சம்புத் தொட்டிக்குப் போய்விடும். கேமில் மிஞ்சுவது மெல்லிய படலம். கெட்டியான டபிள்யூ100 அந்தப் படலத்தை அதிக நாள் பிடித்து வைத்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் இது சின்ன விஷயமில்லை. கேம் தள்ளும் டேப்பெட் துருப்பிடித்திருந்தால் அதன் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஊசிமுனைக் குழிகள் தட்டும். அந்தக் குழிதான் கேம் முனையை அரைத்துத் தின்கிறது. பழைய ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்தால் மினுக்கும் தூள் காந்தத்தில் ஒட்டும். இன்னொரு கம்பெனியின் சிறு விமான இன்ஜினான கான்டினென்டல் ஓ-200-இல் கேம் கீழே இருப்பதால் இந்தக் கவலை குறைவு.

15டபிள்யூ-50-இல் தேய்மானம் தடுக்கும் சேர்மானம் இருக்கிறதே என்பார்கள். சரி, டபிள்யூ100-இன் இன்னொரு வகையான டபிள்யூ100 பிளஸிலும் அது இருக்கிறது. தினமும் நாலைந்து மணி நேரம் பறக்கிற பயிற்சி விமானத்துக்கு இரண்டில் எதுவும் சரிதான். குளிர்காலத்தில் வடக்கே போய் நிற்கும் விமானம் என்றால் மல்டிகிரேடே நல்லது.

எதை ஊற்றினாலும் ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரம், வெறும் கம்பிவலை ஸ்கிரீன் என்றால் 25 மணி நேரம், இல்லாவிட்டால் 4 மாதம். எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடும் இன்ஜின், ஆயிலைச் சீக்கிரம் அழுக்காக்கும்.

அப்புறம் ஒரு பழக்கம். கிணற்றுமேட்டு டீசல் இன்ஜினை அப்பா வாரம் ஒருமுறை கையால் சுற்றிவிடுவார். அதே நினைப்பில் ப்ரொப்பல்லரையும் சுற்றிவிடுகிறவர்கள் உண்டு. லைகமிங்கில் அது இருக்கிற படலத்தையும் வழித்துவிடும். புது ஆயில் மேலே ஏறாது. தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதும் வேண்டாம், ஆயிலில் சேர்ந்த நீர் ஆவியாகாது. பறக்க முடிந்தால் ஆயில் 80 டிகிரியைத் தாண்டி அரை மணி நேரமாவது பறங்கள். முடியாத வாரத்தில் ப்ரொப்பல்லரைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.