கையால் சுழற்றும் லைக்கா மைக்ரோட்டோம்: ஒன்பது மாதப் பழக்கத்தில்

பொரளையில் நான் வேலை செய்யும் இழையவியல் ஆய்வுகூடத்துக்கு இழையத்தை மெல்லிய சீவல்களாக வெட்டும் லைக்கா ஆர்எம்2125 மைக்ரோட்டோம் வந்து ஒன்பது மாதங்களாகின்றன. அதற்கு முன்னிருந்த பழைய கருவியில் 4 மைக்ரோமீற்றர் என்று வைத்தால் ஒரு சீவல் தடித்தும் அடுத்தது மெலிந்தும் விழும். தடித்த சீவலில் கலங்களின் கருக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தெரியும். நோயியல் நிபுணர் "இன்னொன்று வெட்டித் தாருங்கள் தங்கச்சி" என்று திருப்பி அனுப்புவார். எண்டோஸ்கொபியில் இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த இழையமோ 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான். அதை வெட்டியே தீர்த்துவிட்டால் நோயாளியை மறுபடியும் குழாய் விழுங்கச் சொல்ல வேண்டும். ஆகவே எந்த மைக்ரோட்டோம் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: துண்டை வீணாக்குமா?

இது வீணாக்கவில்லை. சில்லை ஒருமுறை சுற்றினால், இழையத்தைப் பதித்த மெழுகுக் கட்டி குறித்த அளவு முன்னேறி, அசையாத கத்தியின் மேல் இறங்குகிறது. தடிப்பை 0.5 முதல் 60 மைக்ரோமீற்றர் வரை வைக்கலாம். சிறுநீரகத் துண்டுக்கு 2, மற்றவற்றுக்கு 3 அல்லது 4 வைக்கிறேன். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக, அறுபடாமல் வருகின்றன. ஈமற்றொக்சிலின், இயோசின் சாயங்களை ஏற்றிய பிறகு நீலக் கருவும் இளஞ்சிவப்புக் குழியவுருவும் துலக்கமாகப் பிரிந்து தெரியும்போது மனம் நிறைந்துவிடுகிறது.

கொழும்பில் வாங்குபவர்கள் ஐஸ் தட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பரபின் மெழுகு 56 பாகையளவில்தான் உருகும். ஆனாலும் சித்திரை வெயிலில் எங்கள் குளிரூட்டி நின்றுபோன அன்று, கட்டிகள் இளகிச் சீவல்கள் கசங்கி விழுந்தன. அதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. நாலைந்து சீவலுக்கு ஒருமுறை கட்டியை ஐஸில் வைத்து எடுத்துத்தான் அன்றைய வேலையை முடித்தேன்.

கத்தியாகப் பொருத்தும் பிளேட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கடையில் வாங்கிய பெட்டியில், முதல் பிளேட்டே நாடா முழுவதும் நெடுங்கோடுகளை இழுத்தது. பெட்டியோடு ஒதுக்கிவிட்டோம்.

இதில் மோட்டார் இல்லை. நாளுக்கு நாற்பது கட்டி வெட்டும் எங்களுக்கு அது தேவைப்படவுமில்லை. கட்டியை மாற்றும்போது மட்டும் சில்லைப் பூட்டி, கத்தியின் மேல் காப்பை இறக்கிவிடுங்கள். என் இடது பெருவிரலில் இருக்கும் தழும்பு, காப்பே இல்லாத அந்தப் பழைய கருவியில் பட்டது.