காட்டுத் தடத்துக்கு எந்த வண்டி: டீசல் பிக்கப்பா, மின்சாரச் சரக்கு வண்டியா?

சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் உண்ணிச்செடியையும் சீமைக் கருவேலத்தையும் அகற்றும் பணிக்குக் கருவிகள், குடிநீர், அரிசி, பருப்பு முதலியவற்றை ஏற்றிச் செல்ல எங்கள் குழுவுக்குப் புதிய சரக்கு வண்டி ஒன்று தேவைப்பட்டது. நான்கு சக்கர இழுவையுள்ள டீசல் பிக்கப் ஒருபுறம், சிறிய மின்சாரச் சரக்கு வண்டி மறுபுறம் என்று நெடுநாள் எடைபோட்டுப் பார்த்து, முடிவில் மின்சார வண்டியையே வாங்கினோம். பழைய டீசல் ஜீப்பை விற்காமல் வைத்துக்கொண்டோம். என் சாய்வு மின்சார வண்டியின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஓடுவது போன்ற பேட்டரி வண்டிகளே போதும் என்று சிலர் கூறினார்கள். அவை சமதளச் சாலைக்கு உரியவை. கல்லும் வேரும் துருத்திக்கொண்டிருக்கும் காட்டுத் தடத்தில் பாரத்தோடு ஓடக்கூடியவை அல்ல என்பதால் அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எரிபொருள் செலவு குறையும், புகை இல்லை, இரைச்சல் இல்லை என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. இரைச்சலைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். டீசல் வண்டியின் உறுமலைத் தொலைவிலேயே கேட்டு விலகிவிடும் யானைக்கு, வளைவுக்கு அப்பால் ஓசையின்றி வரும் வண்டி திடுக்கிடலைத் தரக்கூடும். எங்கள் ஓட்டுநர் கண்ணுக்கு எட்டாத வளைவுகளில் நடைவேகத்துக்குக் குறைத்துவிடுகிறார். சரளைக்கல்லில் டயர் நெரியும் ஓசையே விலங்குகளுக்குப் போதுமானதா என்பதை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு அனுபவம் இல்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அதிலும் குறிப்பாகப் புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த, வண்டிப் புகையின் மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதிகளின்படி விற்கப்படும் டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த வடிகட்டி இருக்கிறது. புகையில் உள்ள கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது நிறைந்ததும் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வது அதன் இயல்பு. அவ்வாறு எரிய வேண்டுமானால் புகையின் வெப்பம் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். அதற்கு வண்டி கால் மணி நேரமாவது நல்ல வேகத்தில் தடையின்றி ஓட வேண்டும். காட்டுக்குள் நாங்கள் செல்வதோ மணிக்கு 20 கிலோமீட்டருக்குள். அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திக் கருவிகளை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருக்கும் வேலையில், சுத்திகரிப்பு தொடங்கும், ஆனால் முடியாது. மீண்டும் தொடங்கும், மீண்டும் அறுபடும். ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் கூட்டுவதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பகுதி எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. ஓட்டுநர் முன் உள்ள பலகையில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் வண்டி தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். பிறகு கோபிச்செட்டிபாளையம் சாலையில் வெறும் வண்டியை விரட்டி ஓட்டி வர வேண்டும், இல்லையென்றால் பணிமனைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். மலையடிவாரத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒருநாள் பணிமனைக்குப் போனால் அந்த நாளின் ஆள்கூலி முழுதும் வீண்.

இது பணத்தோடு முடியும் சிக்கல் அன்று. பிப்ரவரி முதல் மே வரை இந்த இலையுதிர் காடு முழுவதும் காய்ந்து கிடக்கும். தீத்தடுப்புக் கோடு வெட்டி, இரவும் பகலும் காவல் இருக்கும் அந்த மாதங்களில், முழங்கால் உயரக் காய்ந்த புல்லின் மீது உள்ளே 600 டிகிரி வரை சூடேறும் வடிகட்டியுள்ள வண்டியை நிறுத்தி வைப்பது என் மனம் ஒப்பாத செயல். பழைய ஜீப்பை எடுக்கும் நாள்களில், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஓட்டுநர் தரையில் படுத்து, சைலன்சருக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே சுருண்டு சிக்கியிருக்கும் புல்லை ஒரு வளைந்த கம்பியால் கோதி எடுப்பார். நுனி கருகிய தாள்கள் கையோடு வரும். ஜீப் பழைய மாதிரி என்பதால் அதில் வடிகட்டி இல்லை. சாதாரணப் புகைக்குழாயின் சூட்டுக்கே அந்த நிலை. மின்சார வண்டியின் அடியில் சூடேறும் குழாய் என்று ஒன்றே கிடையாது. லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் அணைப்பது கடினம் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் வெப்பத்தை அதிகம் தாங்கும் இரும்புப் பாஸ்பேட் வகை மின்கலம் உள்ள வண்டியை மட்டுமே பார்த்தோம்.

மலை ஏறுமா என்ற ஐயம் எல்லோருக்கும் வருகிறது. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பாரத்தோடு 2 டன் எடையுள்ள வண்டியை 100 மீட்டர் உயரம் ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். இழப்புகளையும் சேர்த்து முக்கால் யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். டாடா ஏஸ் மின்சார வண்டியின் முதல் மாதிரியில் இருந்த மின்கலம் 21.3 யூனிட் கொள்ளளவுடையது. ஆகவே 800 மீட்டர் ஏறினாலும் ஏற்றத்துக்காகச் செலவாவது ஏறத்தாழ 6 யூனிட்தான். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் இறங்கும்போது, மோட்டாரே பிரேக்காகி அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. பிரேக் கருகும் வாடையும் இல்லை. ஒன்றை மறக்கக் கூடாது: மின்கலம் முழுதாக நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது, அந்தத் தடுப்பும் கிடைக்காது. மேலே தாளவாடிப் பக்கம் இரவு தங்கினால் 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்திவிடுவதே நல்லது.

மின்னேற்ற வசதியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் ஏறும்; 7 மணி நேரத்தில் முழுதும் நிரம்பிவிடும். 2022 பிப்ரவரி முதல் திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் வண்டி எப்படியும் இரவில் நிற்கத்தான் போகிறது. கிணற்று மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் தானே கழற்றிப் பார்க்கும் கொங்கு விவசாயிக்கு மின்மோட்டார் புதிதன்று. ஆனால் இந்த வண்டியின் மோட்டாரை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ளூர் வேலைக்கு அப்பாற்பட்டது. அது பழுதானால் நிறுவனத்தின் ஆள்தான் வர வேண்டும். எங்களுக்கு இதுவரை அந்தத் தேவை வரவில்லை என்பதால் எவ்வளவு நாளாகும் என்று சொல்ல இயலாது. எலிகள் வயரைக் கடிப்பது இரு வகை வண்டிகளுக்கும் பொது. ஆனால் உயர் அழுத்த வயரில் அது நேர்ந்தால் நாமாகக் கை வைக்கக் கூடாது.

டீசல் வண்டி மறுக்க முடியாதபடி முந்தும் இடம் மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் செல்லும் வழியில் குரும்பூர்ப் பள்ளத்திலும் சர்க்கரைப் பள்ளத்திலும் வெள்ளம் வரும்போது, பின்சக்கர இழுவை மட்டுமுள்ள, தரைக்கு நெருங்கிய சிறு வண்டியை அந்தப் பக்கம் எடுத்துச் செல்ல எண்ணவே கூடாது. மின்கலம் நீர் புகாதபடி அடைக்கப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் ஓடும் நீரில் வண்டியின் பிடிமானத்துக்கு அந்த அடைப்பு எந்த வகையிலும் உதவாது. சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கவும், இரவில் அடிபட்டவரைச் சத்தியமங்கலம் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் ஜீப்பைத்தான் நம்புகிறோம். ஆண்டு முழுவதும் ஈரமான தடத்தில் வேலை செய்பவர்களும், ஒரே வண்டியை மட்டுமே வைத்திருக்கக்கூடியவர்களும் டீசலையே வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

மறுவிற்பனையில் டீசல் பிக்கப்புக்கு ஈரோட்டிலும் கோவையிலும் எப்போதும் ஆள் இருக்கிறது. பழைய மின்சாரச் சரக்கு வண்டியை வாங்க வருபவர் முதலில் மின்கலத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுதான் கேட்பார். அதை ஓடோமீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு ஆண்டும் சர்வீஸின்போது மின்கலத்தின் எஞ்சிய கொள்ளளவை அளக்கச் சொல்லி, அந்தத் தாளை வண்டிப் பதிவேட்டில் ஒட்டி வைத்து வருகிறோம்.