1,500 டாலரும் போச்சு, ஒரு வருடமும் போச்சு

கலிஃபோர்னியாவில் பிள்ளையைக் கம்யூனிட்டி காலேஜில் சேர்த்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் கணக்கு இதுதான்: இரண்டு வருடம் குறைந்த ஃபீஸில் அங்கே படித்துவிட்டு, மூன்றாம் வருடம் பையன் யூசிக்கு (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) மாறி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும். வழி சொல்ல ஒருவர் கிடைத்தார். தமிழ்ப் பள்ளி வாசலில் அறிமுகமானவர், தனியாக கன்சல்டிங் செய்கிறார். "அண்ணா, கவலையே படாதீங்க, பெர்க்லி கேரண்டி" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். உறுதியாக இடம் தரும் 'டேக்' திட்டம் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் என்ற 6 யூசி வளாகங்களில் மட்டும்தான். அங்கேயும் எல்லா மேஜருக்கும் (பட்டத்துக்கான முதன்மைப் பாடம்) கிடையாது. பெர்க்லி அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பணம் கட்டியதும் கலர் கலராக ஒரு எக்செல் ஷீட் வந்தது. முதல் வருடம் முழுக்க வரலாறு, சைக்காலஜி, சினிமா ரசனை என்று பொதுப் பாடங்கள். இன்ஜினியரிங்குக்குப் போகிறவர்கள் மேஜர் பாடங்களைத்தான் முதலில் முடிக்க வேண்டும் என்று யூசியே சொல்கிறது. ஷீட்டில் பிசிக்ஸும் இருந்தது. அது கால்குலஸ் இல்லாத பிசிக்ஸ் என்று எங்களுக்கு எங்கே தெரியும்? பையன் 'ஏ' வாங்கினான். வீட்டில் பாயசம் வைத்தோம்.

டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரைதான். இரண்டாம் வருடம் அதை நிரப்ப உட்கார்ந்தபோது, பையனின் நண்பன் 'அசிஸ்ட்' தளத்தைத் திறந்து காட்டினான். நம் காலேஜ், போக வேண்டிய யூனிவர்சிட்டி, மேஜர் மூன்றையும் கொடுத்தால் இடப்பக்கம் அவர்கள் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக நம் காலேஜில் உள்ள பாடம். காசே கிடையாது. பிசிக்ஸ் வரிசையில் விரலை வைத்துத் தேடினேன். பையன் படித்த பாடத்தின் எண் அங்கே இல்லை.

அவர்கள் கேட்பது கால்குலஸ் பிசிக்ஸ். அது மூன்று பாடங்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேர முடியும். அதாவது மூன்று செமஸ்டர். கையில் இருந்ததோ இரண்டு.

கன்சல்டன்ட்டுக்குப் போன் செய்தால், "60 யூனிட் வந்துடும்ல அண்ணா, அது போதும்" என்கிறார். 60 யூனிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்) என்பது மூன்றாம் வருட மாணவனாக உள்ளே நுழையத்தான். மேஜர் கேட்கும் பாடங்கள் வேறு கணக்கு. அதைச் சொன்னதும், "பையன்தான் காலேஜ் கவுன்சிலரைக் கேட்டிருக்கணும்" என்று திருப்பிவிட்டார். சரி, அது உண்மைதான். கவுன்சிலர் இலவசம். அப்புறம் எதற்கு 1,500 டாலர்? பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து போனை எடுப்பதில்லை.

தமிழ்ப் பள்ளியில் விசாரித்ததில் இன்னும் இரண்டு குடும்பங்களிடம் அதே ஷீட் இருக்கிறது. அதே கலர், அதே பாடங்கள், பெயர் மட்டும்தான் வேறு. அதில் ஒரு பெண் எகனாமிக்ஸ் படிக்கப் போகிறவள்.